பிறருள்ளம் அறிதற்கு அளவை யாது?

தவணை முடிவிலே மாணாக்கருடைய தேர்ச்சிப் புத்தகங்களில் நாம் எழுதிவைக்குங் குறிப்புக்களை ஒருகால் திரும்பப் படித்துப் பார்ப்போமாக. "கவனம் போதாது", "முயற்சியில் விருப்பமில்லை", "அடக்கம் வேண்டும்", "ஆர்வமுள்ளவள்" என்றிவ்வாறு எழுதுகின்றோம். இவற்றுள் ஒன்றாயினும் கண்ணாற் காணப்பட்ட பொருளன்று. பிள்ளை யன்னலுக்கு வெளியே பார்த்தமை காணப்பட்டது, கவனமின்மை காணப்படவில்லை. கேள்விக்கு விடை கூறாது நின்றமை காணப்பட்டது, விருப்பமின்மை காணப்படவில்லை. கண்டது ஒன்று, எழுதியது மற்றொன்று. நீதிமன்றத்திலே ஒருவன் ஓர் ஆட்டைத் திருடினான் என்று தீர்ப்பதற்குச் சாட்சி வேண்டும், சத்தியம் வேண்டும், நியாயவாதி வேண்டும். ஒரு பிள்ளையின் உள்ளத்தில் அகங்காரம் உள்ளதென்று தீர்ப்பதற்கோ ஓர் ஆசிரியரின் ஒரு நோக்குப் போதுமானதாய் இருக்கின்றது. இத்தீர்ப்புக்கு அளவை யாது? இவ்வினாவைப் பிறரை நோக்கி எழுப்புதற்கு முன் என்னை நோக்கியே எழுப்புகின்றேன். காரணம் பின்னர்ப் புலப்படும்.

அருணந்தி சிவாசாரியர் அருளிச்செய்த சிவஞானசித்தியாரிலே, சுபக்கத்தின் தொடக்கத்தில் அளவை கூறப்பட்டிருத்தலை நாமெல்லோரும் அறிவோம். மிஷன் பள்ளிக்கூடத்திற் படித்து வளர்ந்த யான் அதனை வயது முதிர்ந்த பின்னரே ஒரு பெரியாரிடம் முறையாகக் கேட்டேன். ஆதலின் எனக்கு அது இன்னும் புதுமை மாறாத நூலாயிருக்கின்றது. அங்கே காட்சி நான்கு வகைப்படுமென்று கூறப்படும்: வாயிற்காட்சி, மானதக்காட்சி, தன்வேதனைக்காட்சி, யோகக்காட்சி என்பன. என் பல்வலியை யான் அறிவது தன்வேதனைக்காட்சியால். அதற்கு வேறு சான்று வேண்டியதில்லை; எவரும் அதை மறுத்தற்கும் இயலாது. ஆனால், அடுத்த வாங்கிலிருப்பவருடைய பல்வலி எனக்குத் தன்வேதனையாக ஒருபோதும் வாராது. அவர் கன்னத்திற் கைவைத்திருப்பதை வாயிற்காட்சியாற் காண்கின்றேன், அவ்வளவே. யோகக்காட்சியோ மலக்குற்றம் நீங்கிய யோகியர்க்கு உரியது. நம்மில் எவரும் அதனைக் காலை எட்டு மணிக்குப் பாடசாலைக்கு உடன்கொண்டு வருவதாகத் தெரியவில்லை. வந்தவர்போல நடந்துகொள்வார் சிலர் உளர், அது வேறு. எனவே, பிறருள்ளம் பற்றி நமக்குள்ள அறிவெல்லாம் கருதலளவையின் பாற்பட்டது.

கருதலுக்கு வேண்டுவது பிழையாத ஏது. புகையுள்ள இடத்தில் நெருப்புண்டு. அடுக்களையிலே பலகாற் கண்டு தெளிந்தமையால் மலையிற் புகைகண்டபோது நெருப்பைத் துணிகின்றோம். புகை நெருப்பினின்றன்றிப் பிறவாது. அங்ஙனமே ஒரு புன்முறுவல் இன்ன உணர்ச்சியினின்றன்றிப் பிறவாது என்று கூறல் கூடுமா? தொல்காப்பியனார் மெய்ப்பாட்டியலென ஓரியலே வகுத்தாரன்றோ? அவ்வியலிலே நகை என்னும் ஒரு மெய்ப்பாட்டுக்கு நிலைக்களன் நான்கு கூறப்பட்டன. எள்ளல் அவற்றுள் ஒன்றே. இளமையும் பேதைமையும் மடமும் ஏனையவை. அழுகைக்கும் அவ்வாறே நான்கு. ஒரே புகைக்கு நான்கு நெருப்பென்றால் ஏது நெகிழ்ந்துபோகின்றது. செய்யுளிலே இவன் நகைத்தது எதனாலென்று சொல்லப் புலவரும் உரையாசிரியரும் இருக்கின்றார்கள். வகுப்பறையிலே உரையாசிரியர் எவருமிலர்.

இனி, என் குற்றத்தைக் கூறுகின்றேன். 1997ஆம் ஆண்டிலே, வலிகாமத்து மக்கள் 1995 ஒக்டோபரில் இடம்பெயர்ந்து அலைந்து மீண்டும் ஊர்களிற் குடிபுகுந்த காலத்திலே, ஏழாம் வகுப்பில் ஒரு பையன் புதிதாக வந்து சேர்ந்தான். மெலிந்த தேகம்; படிப்பிற் குறைவில்லை. ஒருநாள் வீட்டுவேலை செய்து வராமைக்காக அவனை எழுப்பிக் கண்டித்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். குரலை உயர்த்தினேன், சிரிப்பு அகன்று பெரிதாயிற்று. மற்றைப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எள்ளல் என்று துணிந்தேன். அத்துணிவுக்கு ஒரு கணமும் வேண்டியிருக்கவில்லை. பிரம்பை எடுத்தேன். அடி விழும்போதும் அவன் முகத்தில் அச்சிரிப்பு மாறவில்லை. அது என் சினத்தை இன்னும் மூட்டிற்று.

மறுநாள் அவனுடைய தாயார் வந்தார். சண்டைபிடிக்க வந்தாரல்லர். "மாஸ்ரர், பிழை என்னுடையது" என்று தொடங்கினார். வீதியிலே சோதனைச்சாவடிகளைக் கடந்து போகும்போது பையன் அஞ்சி நடுங்குவதனால், நடுங்கினாற் சந்தேகப்படுவார்கள் என்று பயந்து, எவர் அதட்டினாலும் சிரித்த முகமாய் நில் என்று தாமே நாடோறுஞ் சொல்லிப் பழக்கியதாகவும், இப்போது எங்கே பயந்தாலும் அவனுக்கு அச்சிரிப்பே வருவதாகவும் கூறினார். யான் ஒன்றும் விடைகூற அறியாது நின்றேன். அச்சத்தாற் பிறக்கும் நகை அந்நான்கு நிலைக்களத்துள்ளும் இல்லை. அப்பையன் கற்றிருந்தது ஒரு தாய் தன் மகன் உயிரைக் காத்தற்குக் கண்டுபிடித்த மெய்ப்பாடு. யான் கண்டது மெய்யாகவே சிரிப்புத்தான், கண்ணிலே பிழையில்லை. கருதலிலே பிழை.

நெடுங்காலம் யான் இதனை என் சினத்தின் குற்றமென்று மாத்திரம் எண்ணியிருந்தேன். சினம் குற்றந்தான். ஆயினும், சினமில்லாதிருந்தாலும் அப்பிழை நேர்ந்திருக்கும் என்பது பிற்காலத்திலே, பிறருள்ளத்தை மனிதர் எவ்வாறு அறிகின்றனரென மேனாட்டு உளநூலார் ஆராய்ந்தவற்றைப் படித்தபோது விளங்கிற்று. அவற்றுட் சிலவற்றை ஆசிரிய நண்பர்க்குச் சொல்லுதல் பயனுடைத்து.

1983ஆம் ஆண்டில் ஹைன்ஸ் விம்மர், யோசேப் பேர்ணர் என்னும் இருவர் சிறு பிள்ளைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். ஒரு சிறுவன் சொக்கிளேற்றை ஓர் அலுமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகின்றான். அவன் இல்லாதபோது தாய் அதனை வேறோர் அலுமாரிக்கு மாற்றிவிடுகின்றாள். சிறுவன் திரும்பி வந்து எங்கே தேடுவான்? இது வினா. தான் வைத்த இடத்திலே தேடுவான் என்பது நமக்கு வெளிப்படை. மூன்று வயதுப் பிள்ளைகளோ அது இப்போது இருக்கும் இடத்திலே தேடுவான் என்றார்கள். தமக்குத் தெரிந்தது அச்சிறுவனுக்குத் தெரியாது என்பதை அவர்களால் நினைத்துக்கொள்ள இயலவில்லை. ஏறக்குறைய நான்கு ஐந்து வயதளவிற் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது கைகூடுகின்றது. பதினைந்து மாதக் குழந்தைகளின் பார்வையிலேயே இவ்வறிவின் முளையைக் காணலாமென்று 2005இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறிற்று. அதுபற்றி அறிஞரிடையே இன்னும் வாதம் உண்டு.

இதன் இனமான மற்றொரு சோதனையை யான் வீட்டிலேயே செய்து பார்த்தேன். என் மருமகளின் மூன்று வயது மகனிடம் ஒரு பிஸ்கட் பேணியைக் காட்டி உள்ளே என்ன உண்டென்று கேட்டேன். "பிஸ்கட்" என்றான். திறந்து காட்டினேன், உள்ளே தையல் நூற்கட்டைகள். பேணியை மூடி, "திறக்க முன்னம் என்ன இருக்கென்று நினைத்தாய்?" என்று கேட்டேன். "நூல்" என்றான், சிறிதும் தயங்காமல். வீட்டாரெல்லோருஞ் சிரித்தார்கள். அவன் பொய் சொன்னானல்லன். இது பல நாட்டுப் பிள்ளைகளிடத்துங் காணப்பட்ட விடை. பிறர் பிழைபட நினைத்தலை அறியமாட்டாத வயதிலே, தான் சற்று முன்னர்ப் பிழைபட நினைத்ததையும் பிள்ளை அறியமாட்டாது. தன்னுள்ளம் திறந்த வீடு, பிறருள்ளம் மாத்திரம் பூட்டிய வீடு என்று நாம் எண்ணுகின்றோம். நேற்றைய என்னுள்ளமும் இன்றைய எனக்குப் பிறருள்ளம்போலவே தூரத்தில் உள்ளது போலும். இவ்விடத்திலே தன்வேதனைக்காட்சி அப்போதைய அனுபவத்தளவில் நிற்பதென்பதும், கழிந்ததை நினைதல் வேறென்பதும் கருதத்தக்கன.

இஃது நிற்க. மூன்று வயதின் பிழை நான்கு வயதிலே ஒழிந்துபோகின்றது என்று நாம் மகிழ்தற்கில்லை. 1990ஆம் ஆண்டில் எலிசபெத் நியூற்றன் என்பவர் ஸ்ரான்போட் சர்வகலாசாலையிலே கலாநிதிப் பட்டத்துக்காகச் செய்த ஆராய்ச்சியை நோக்குக. ஒருவர் எல்லோரும் அறிந்த ஒரு பாட்டின் தாளத்தை மேசைமேல் விரலாற் தட்டவேண்டும். மற்றவர் அது எப்பாட்டென்று கூறவேண்டும். தட்டியவர்கள், பாதிப் பாட்டுக்களையேனும் கேட்பவர் கண்டுபிடிப்பர் என்று எதிர்பார்த்தனர். தட்டப்பட்ட 120 பாட்டுக்களுட் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுபவர் செவியிலே பாட்டு முழுவதும், சொல்லும் இசையுமாக ஒலித்துக்கொண்டிருக்கின்றது. கேட்பவர்க்கோ வெறும் தட்டொலி. நாம் கரும்பலகைமேற் பின்னக்கணக்கு எழுதும்போது நடப்பது இதுவன்றி வேறென்னை? பொதுப்பகுதி எடுத்தல் முப்பது வருடமாக நம் செவியிலே ஒலிக்கும் இராகம். பிள்ளைக்கு அது சுண்ணக்கட்டியின் தட்டொலி. "இவ்வளவு எளிய கணக்கும் விளங்கவில்லையா?" என்று கேட்கும் ஆசிரியர், சொக்கிளேற்று இருக்குமிடம் எல்லோருக்குந் தெரியும் என்று நினைக்கும் மூன்று வயதுப் பிள்ளையின் நிலையில் நிற்கின்றார். விளங்காமையை உடனே விருப்பமின்மை என்று தேர்ச்சிப் புத்தகத்தில் எழுதிவிடுகின்றார்.

அங்ஙனமாயின், பிறர் நிலையிலே நம்மை வைத்து நோக்குதல் மருந்தாகாதோ எனின், அதுவே எல்லோருஞ் சொல்லும் மருந்து. ஸ்கொத்லாந்து அறிஞர் அடம் சிமித் 1759இல் வெளியிட்ட ஒழுக்கவுணர்ச்சிகள் பற்றிய நூலிலே, பிறர் துன்பம் நம் புலனுக்கு நேரே எட்டாமையால், அவர் நிலையில் நம்மைக் கற்பனையால் வைத்தே அதனை உணர்கின்றோம் என்று நிறுவினார். அன்பு பிறத்தற்கு அது வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. அறிவு பிறத்தற்கு வழியோ என்பதே கேள்வி. அப்பையனது இடத்தில் யான் என்னை வைத்துப் பார்த்திருந்தால் என்ன கண்டிருப்பேன்? வீட்டுவேலை செய்யாது வந்து, ஆசிரியர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும் என்னைக் கண்டிருப்பேன். யான் அங்ஙனஞ் சிரித்திருந்தால் அது எள்ளலாகவே இருந்திருக்கும். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு யன்னல் என்று சொல்லும் வழி அது. 2018இல் தால் எயால், மேரி ஸ்ரெபல், நிக்கொலஸ் எப்லி என்னும் மூவர் வெளியிட்ட ஆராய்ச்சியில் இருபத்தைந்து சோதனைகள் அடங்கியிருந்தன. பிறர் நிலையில் தம்மை வைத்து நோக்குமாறு சொல்லப்பட்டவர்கள், அங்ஙனஞ் சொல்லப்படாதவர்களிலும் பிறர் கருத்தைச் செம்மையாக அறிந்தாரல்லர் என்பது அவற்றின் முடிபு. செம்மை தந்தது வேறொன்று. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

நம்மோடு ஒத்த இயல்பினரிடத்தே இவ்வழி ஓரளவு பலிக்கும். ஒவ்வாதாரிடத்தே முற்றும் பிழைக்கும். ஓட்டிசம் எனப்படும் இயல்புடைய பிள்ளைகளைப் பற்றி 1985இல் இலண்டனில் ஒரு சோதனை நடந்தது. சொக்கிளேற்றுக் கதைபோன்ற ஒரு பொம்மைக் கதையிலே அவ்வியல்புடைய 20 பிள்ளைகளுள் 16 பேர் பிழையான விடை கூறினர். அதுமுதல், இவர்க்குப் பிறருள்ளம் அறியும் ஆற்றல் இல்லை என்னும் வழக்குப் பரந்தது. 2012இலே டேமியன் மில்ற்றன் என்பவர், தாமும் அவ்வியல்புடையவராயுள்ளவர், எதிர்வினா ஒன்று விடுத்தார்: அவர்கள் உங்களை அறியமாட்டார்கள் என்கின்றீர்கள், நீங்கள் அவர்களை அறிகின்றீர்களா? அறியாமை இருபாலும் உள்ளதாயின் அதனை ஒருபால் மாத்திரம் குறைபாடென்று எழுதிவைப்பது எந்த நியாயம்? இக்கேள்வி என்னை மிகவும் உறுத்திற்று. நம் பாடசாலைகளில் எவர் முகத்தையும் நேரே நோக்காத பிள்ளைகள் உளர். அவரைக் கள்ளர் என்றும் பெருமைக்காரர் என்றுஞ் சொல்லக் கேட்டிருக்கின்றேன். யானுஞ் சொல்லியிருக்கின்றேன்.

இனி, பிள்ளைகள் நம்மை அறியும் திறத்தை நோக்கினால் நாம் நாணவேண்டியிருக்கும். பேர்லின் நகரத்திலே பொன் ஒஸ்ரன் என்னும் இளைப்பாறிய கணித ஆசிரியர் ஒருவர் தம் குதிரைக்குக் கணக்குக் கற்பித்தார். கூட்டல் கழித்தல் கேட்டால் குதிரை குளம்பாற் தட்டி விடை கூறும். 1904இல் அறிஞர் குழுவொன்று வந்து சோதித்துத் தந்திரம் ஒன்றுமில்லை என்று சென்றது. பின்னர் ஒஸ்கார் பூங்ஸ்ற் என்பவர் ஆராய்ந்து 1907இல் உண்மையை வெளியிட்டார். கேட்பவர்க்கே விடை தெரியாதபோதும், கேட்பவரைக் குதிரை காணமுடியாதபோதும் விடை பிழைத்தது. சரியான எண் வந்தவுடன் கேட்பவருடைய தலை அவர் அறியாமலே மயிரிழையளவு அசைந்தது. குதிரை அதனைக் கண்டு தட்டுதலை நிறுத்திற்று. ஆசிரியர் வஞ்சகரல்லர். தம் மாணாக்கன் கணக்கைக் கற்றான் என்று உளமார நம்பினார். அவன் கற்றது அவருடைய முகத்தை.

"விளங்கிற்றா?" என்று நாம் கேட்கும்போது வகுப்பு முழுவதும் "ஓம் சேர்" என்று ஒலிப்பதை இக்கதையோடு வைத்து நினைக்க. மெலியார் வலியாரின் முகத்தைப் படிப்பதிலே தேர்ச்சி பெறுகின்றனர். அது அவர்க்குப் பிழைக்கும் வழி. வலியார்க்கு அத்தேவை இல்லாமையால் அக்கல்வியும் இல்லை. திருவள்ளுவர் குறிப்பறிதல் என்னும் பெயரால் இரண்டு அதிகாரம் வைத்தார். பொருட்பாலில் உள்ளது அமைச்சியலின் பாற்பட்டு, அரசன் குறிப்பை அறிதல் பற்றியது. காமத்துப்பாலில் உள்ளது காதலர் பற்றியது. அரசனுக்கோ அரசியலிலே தெரிந்து தெளிதல் என்பதை வைத்தார். அஃதாவது ஆராய்ந்து பார்த்துத் தெளிதல். இவ்வைப்புமுறைக்கு வேறு காரணம் கூறுவாருமுளராகலாம். எனக்குத் தோன்றுவது, தண்டிக்கும் அதிகாரமுடையவன் முகக்குறிப்பை நம்பித் துணிதல் தகாது என்பதே. வகுப்பறையிலே பிரம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரசன் நாமே.

காட்சி எட்டாது, கருதல் பிழைக்கும் என்றால், எஞ்சியிருப்பது உரையளவை. இவ்வளவையைச் சிவாகமத்துக்கே உரியதாகக் கொண்டு போற்றும் பெரியோர், யான் அதனை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் வாய்ச்சொல்லுக்கு ஏற்றுதல்பற்றி என்மேற் சினவாதிருப்பாராக. காட்சிக்கும் கருதலுக்கும் எட்டாததை அதனை அறிந்தார் சொல்லக் கேட்டறிதல் என்னும் நியாயத்தையே இங்கே எடுத்துக்கொள்கின்றேன். ஒரு பிள்ளையின் துன்பத்தைத் தன்வேதனையால் அறிந்தவர் உலகில் ஒருவரே, அவர் அப்பிள்ளை. மேலே கூறிய 2018ஆம் ஆண்டு ஆராய்ச்சியிற் செம்மை தந்ததும் இதுவே: ஊகித்தலை விட்டு, அவரையே வினாவி விடை கேட்டல். இதனை அறிதற்கு இருபத்தைந்து சோதனைகள் வேண்டுமோ என்று நகைக்கத் தோன்றும். யான் நகைக்கமாட்டேன். "ஏன் சிரிக்கிறாய்?" என்று யானும் அன்று கேட்டேன், ஆனால், கையிற் பிரம்போடு, நாற்பது பிள்ளைகள் முன்னிலையிலே, விடை எனக்கு முன்னரே தெரிந்த குரலிற் கேட்டேன். அது வினாவன்று.

பிள்ளைகள் பொய் சொல்லமாட்டார்களா என்று என்னுடன் கற்பிக்கும் ஒருவர் கேட்டார். சொல்வார்கள். எதைச் சொன்னால் அடி விழாதோ, எதைச் சொன்னால் ஆசிரியர் முகம் மலருமோ அதைச் சொல்வார்கள், குதிரை தட்டியதுபோல. ஆப்தன் உரையே அளவையாகும் என்பது தருக்க நூற்றுணிபு. ஆப்தனாயிருத்தல் சொல்பவனுக்கு மாத்திரம் உரிய குணமென்று யான் முன்னர் நினைத்திருந்தேன். கேட்பவன் அச்சந்தருவானாயின் உண்மையுடையோனும் உண்மை சொல்ல இடமில்லை. ஆகவே தனியே கேட்டல், தண்டனைக்கு முன் கேட்டல், விடைக்குக் காலங்கொடுத்தல், விடை வாராதாயின் அதனையும் பொறுத்தல் என்பனவற்றை யான் பழகிவருகின்றேன். இவற்றுள் கடைசியிலுள்ளதே அரிது. கேட்டவுடன் சொல்லவேண்டும் என்பதும் ஓர் அதிகாரமே. உள்ளத்தைப் பூட்டிவைத்திருக்கும் உரிமை பிள்ளைக்கு உண்டா என்பதிலே எனக்கும் என் மனைவிக்கும் இன்னும் ஒருமைப்பாடு இல்லை. அவரும் ஓர் ஆசிரியை. ஆபத்தான காரியமாயிருந்தால் என்ன செய்வது என்கின்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. அடிகாயமோ பட்டினியோ கண்ணுக்குத் தெரியுமிடத்து விடைக்குக் காத்திருத்தல் தவறென்பதை ஒப்புக்கொள்கின்றேன். அங்கே காட்சியே போதும்.

சென்ற தவணையில் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதற்பாடத்திலே மேசைமேற் தலைவைத்துப் படுத்திருப்பதைக் கண்டேன். சோம்பல் என்று எழுதக் கை சென்றது. எழுதாமல், இடைவேளையில் அழைத்து, "திங்கட்கிழமைகளிற் களைப்பாய் இருக்கிறதா, பிள்ளை?" என்று கேட்டேன். தலைகுனிந்து நின்றாள். சொல்ல விரும்பும்போது சொல்லலாம் என்றும், அதுவரை யன்னலோரத்து வாங்கில் இருக்கலாம் என்றுங் கூறி, வகுப்பாசிரியைக்கும் தெரிவித்தேன். அவர் வீட்டுக்குச் சென்று விசாரித்து, பயப்படத்தக்கது ஒன்றுமில்லை என்று மாத்திரம் எனக்குச் சொன்னார். இப்போது அவள் யன்னலோரத்தில் இருக்கின்றாள். திங்கட்கிழமைகளில் இன்னும் சிலபோது தலை மேசைமேற் சாய்கின்றது. காரணம் அவள் சொல்லவில்லை. யானும் மறுபடி கேட்கவில்லை. தேர்ச்சிப் புத்தகத்திலே அவ்விடத்தை வெறுமையாக விட்டிருக்கின்றேன்.